பிளைவுட் படகு

ரோவீனா ஃபாக்ஸ் எங்கள் பள்ளிக்கு வேலைக்கு வந்த அன்று அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தவள் நான்தான். எந்த ஜன்னல் குளிர்காலத்தில் சரியாக மூடாது, எந்தப் பெற்றோர் தொட்டதற்கெல்லாம் போன் பண்ணுவார்கள் என்பதையும் நானே சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைக் கேட்டுவிட்டு, அவள் வந்த நாளிலிருந்தே நான் கறுவிக்கொண்டிருந்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

வில்லோ பென்ட் மிசூரி ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். பள்ளியில் நான்காம் வகுப்புக்கு இரண்டு பிரிவு. ஒன்று பதினெட்டு வருஷமாக என்னுடையது. இன்னொன்றுக்கு வருகிற ஆசிரியர்கள் இரண்டு குளிர்காலம் தாங்கினால் அதிசயம். நான்காம் வகுப்பில்தான் பிள்ளைகள் எங்கள் வடக்கு டகோட்டாவின் வரலாற்றைப் படிக்கிறார்கள். அதைச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒரு படகு இருந்தது.

பதினான்கு அடி நீளம், பிளைவுட். நானும் என் கணவர் கர்ட்டும் ஒரு குளிர்காலம் முழுக்க டிராக்டர் கொட்டகையில் வைத்து அறுத்து, ஆணி அடித்து, வர்ணம் பூசியது. அடியில் சக்கரம், நடுவில் பாய்மரம். ஒவ்வொரு மே மாதமும் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் ‘படகு நாள்’ நடக்கும். பன்னிரண்டு பிள்ளைகள் காகிதத் தொப்பியோடு உள்ளே உட்கார்ந்து துடுப்புப் போட, மற்றவர்கள் கயிறு கட்டி இழுப்பார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் லூயிஸ், கிளார்க் என்ற இரண்டு தளபதிகள் நாற்பது சொச்சம் ஆட்களோடு மேற்குக் கடலைத் தேடி, இதே ஆற்றில் நீரோட்டத்தை எதிர்த்துப் படகை இழுத்து வந்த கதையை அவர்களுடைய நாட்குறிப்பிலிருந்து நான் வாசிப்பேன். எங்கள் கிழட்டு நாய் தளபதியின் நாயாக நடிக்கும். எல்லா வருஷமும் பாதியில் தூங்கிவிடும். படித்து முடித்துப் பெரியவர்களாகி மளிகைக் கடையில் எதிர்ப்படுகிறவர்கள்கூட, "மிசஸ் ரூட், அந்தப் படகு இன்னும் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். என்னை நலம் விசாரிப்பது அதற்குப் பிறகு.

ரோவீனா ஹிடாட்ஸா என்ற பூர்வகுடி இனத்தவள். அந்தத் தளபதிகள் ஒரு குளிர்காலம் முழுக்க ஒண்டியிருந்தது அவளுடைய முன்னோரின் கிராமங்களுக்குப் பக்கத்தில்தான். முப்பத்தொரு வயது. நல்ல உயரம். சிரித்தால் பக்கத்து அறைக்குக் கேட்கும். பக்கத்து அறை என்னுடையது.

என் மகள் சிக்னி அந்த வருஷம் நான்காம் வகுப்பு. பெற்றவளிடமே பிள்ளை படிக்கக் கூடாது என்பது பள்ளியின் விதி. அதனால் அவள் ரோவீனாவிடம் போனாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த என்னால் சொந்த மகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்க முடியாமல் போனது.

முதல் வாரமே சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தது.

"அம்மா, மிஸ் ஃபாக்ஸ் இன்னிக்கு என்ன கேட்டாங்க தெரியுமா? உங்க ஊருக்குத் திடீர்னு நாப்பது ஆம்பளைங்க வராங்க. குளிச்சு மாசக்கணக்கு ஆச்சு. பேசுறது ஒண்ணும் புரியல. முதல்ல என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கதவைச் சாத்துவேன்னு சொன்னேன். எங்க கிளாஸ் பையன் கோடி மூக்கைப் பொத்திக்குவேன்னான். எல்லாரும் சிரிச்சோம். ஆனா அவங்க ஆளுங்க சோளம் குடுத்தாங்களாம். அந்தச் சோளம் இல்லன்னா தளபதிங்க பட்டினிதானாம். உங்க கிளாஸ்ல இதெல்லாம் கேக்க மாட்டீங்களாம்மா?"

"நாங்க படகுல வர்றவங்க பக்கத்திலேருந்து படிக்கிறோம்."

"ஓ," என்றாள் சிக்னி. அவ்வளவுதான். நான் ரொட்டியில் இரண்டாம் தடவை வெண்ணெய் தடவினேன்.

"நல்ல கேள்விதானே கேட்டிருக்காங்க," என்றார் கர்ட். நான் பார்த்த பார்வையில் குனிந்து சூப்பைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அக்டோபரில் ரோவீனாவின் வகுப்பு ஒரு பரிசல் செய்தது. வில்லோ மரக் குச்சிகளை வளைத்துக் கட்டி, மேலே காட்டெருமைத் தோல் போர்த்திய வட்டப் பரிசல். தோல் அவளுடைய மாமா கொடுத்ததாம். அந்தக் காலத்தில் அவளுடைய ஊர்ப் பெண்கள் அதில்தான் விறகும் இறைச்சியும் ஏற்றி ஆற்றைக் கடந்தார்கள். பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் முழங்கால் தண்ணீரில் ஒவ்வொருவராக ஏற்றினாள். பரிசல் சுற்றுகிறது, பிள்ளைகள் கத்துகிறார்கள், உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுக்கிறார். மறுவாரம் அது முதல் பக்கத்தில் வந்தது, கலரில். நடுவில் தலைமுடி நனைந்து, வாயெல்லாம் பல்லாக என் மகள். என் படகு பதினான்கு வருஷமாக நான்காம் பக்கத்தைத் தாண்டியதில்லை. வாரச் சந்தை விளம்பரத்துக்குக் கீழே, கறுப்பு வெள்ளையில்.

நான் அந்தப் பத்திரிகையை மடித்து மேஜை டிராயரில் போட்டேன். சிக்னி இன்னொரு பிரதி வாங்கி வந்து குளிர்பெட்டியில் ஒட்டினாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது.

இன்னொரு நாள் சிக்னி கேட்டாள். "நாம மீன் பிடிக்கப் போறோமே, அந்த ஏரி. அணை கட்டினப்போ மிஸ் ஃபாக்ஸோட அம்மா பொறந்த ஊரு அதுக்குள்ள முழுகிடுச்சாம். ஸ்கூல், சர்ச், வீடு எல்லாம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

வருஷா வருஷம் என் வகுப்பை அந்த ஏரிக்கரைக்குத்தான் சுற்றுலா கூட்டிப்போவேன். பிள்ளைகளுக்குச் சாண்ட்விச் கொடுத்துக் கல் பொறுக்கச் சொல்வேன். அந்த இடத்தில் நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ வயிறுதான் எரிந்தது. என் மகளுக்கு இதை முதலில் சொன்னது நானாக இல்லையே என்று.

ஜனவரியில் ஒரு நாள் சிக்னியின் பையில் மதிய உணவு டப்பாவைத் தேடும்போது ஒரு கட்டுரை கையில் கிடைத்தது. ‘எனக்கு மிகவும் பிடித்த மனிதர்.’ மூன்று பக்கம். மூன்று பக்கமும் மிஸ் ஃபாக்ஸ். அவள் நடை, அவள் சிரிப்பு, அவள் கோபப்படாமல் திட்டுகிற விதம். மூன்றாம் பக்கத்துக் கடைசியில் ஒரே ஒரு வரி: ‘என் அம்மாவும் டீச்சர்தான்.’

அந்த ‘உம்’மை நான் பல நாள் மறக்கவில்லை.

அதன்பின் அவள் எதைச் செய்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசிரியர் அறைக்கு அவள் ஜூன்பெரிப் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம் கொண்டுவந்தால் பத்து நிமிஷத்தில் தட்டு காலி. நான் சுட்ட எலுமிச்சை கேக் துண்டுகள் மூன்று மணி வரை காய்ந்துகிடந்தன. என் வகுப்பில் கணக்குப் போடும்போது சுவர் வழியாகச் சிரிப்பு வந்தால் என் பிள்ளைகள் தலை நிமிர்த்திச் சுவரைப் பார்ப்பார்கள். என்னைப் பார்ப்பதைவிட அந்தச் சுவரைப் பார்ப்பதில் அவர்களுக்கு ஆவல் அதிகம். நான் சாக்கட்டியால் பலகையைத் தட்டுவேன். ஒருநாள் சாக்கட்டி மூன்றாக உடைந்தது.

மார்ச் கடைசியில், பனி உருகிச் சேறாகக் கிடந்த மைதானத்தில் இருவரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். செவ்வாய்க்கிழமை.

"ஆர்லிஸ், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றாள் ரோவீனா.

இப்படி ஆரம்பிக்கிற பேச்சு எதுவும் நல்லதாக முடிந்து நான் பார்த்ததில்லை.

"உங்க படகை எங்களுக்கும் குடுப்பீங்களா? இந்த வருஷம் படகு நாளை ரெண்டு கிளாஸும் சேர்ந்து செய்யலாம். ஒரு கிளாஸ் படகுல வரட்டும், ஒரு கிளாஸ் கரையில நிக்கட்டும். அப்புறம் மாத்திக்கலாம்."

நல்ல யோசனை. யார் சொல்லியிருந்தாலும் நல்ல யோசனை. ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. என் படகின் முனையில் அவள் நிற்கிறாள், சுற்றிலும் பிள்ளைகள், பத்திரிகையின் முதல் பக்கம், கலர். இருந்த ஒன்றையும் கேட்கிறாளே.

"அடிப்பலகை உளுத்துப் போச்சு, ரோவீனா," என்று என் வாய் சொன்னது. "ஏறினா பிள்ளைங்க காலு உள்ள போயிடும்."

"ஐயோ! அப்ப உங்க படகு நாள்?"

"இந்த வருஷம் வேற ஏதாவது செய்யலாம்னு இருக்கேன்."

மணி அடித்த பிறகுதான் உறைத்தது. அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்காக என் படகு நாளையே நான் ரத்து செய்துவிட்டேன்.

அது அத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மத்தியானமே தலைமையாசிரியர் வெட்ஸல் என் அறை வாசலில் வந்து நின்றார். நல்ல மனிதர், ஆனால் எந்தப் பிரச்சினையையும் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்று துடிப்பவர்.

"ஆர்லிஸ், படகு உளுத்துடுச்சாமே! ரோவீனா ரொம்பக் கவலைப்பட்டாங்க. தளபதிங்க வந்த இருநூறாவது ஆண்டு விழாவுக்காக தலைநகர் பிஸ்மார்க்கிலேருந்து ஒருத்தர் மே மாசம் வராரு. அவருக்கு வேற என்னத்தைக் காட்டுறது, என் வழுக்கையையா? கவலைப்படாத. லைல் சனிக்கிழமை வந்து பலகையை மாத்திடுவான்."

லைல் எங்கள் துப்புரவுப் பணியாளர். தச்சு வேலையும் தெரிந்தவர். அவர் படகைப் புரட்டிப் பார்த்தால் ஒரு பலகையும் உளுக்கவில்லை என்பது ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

புதன், வியாழன் இரண்டு நாளும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ‘சரியா பாக்காம சொல்லிட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் படகு அவளுக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பள்ளி காலியானதும் லைலின் மேஜையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்தின் பின்னாலிருக்கும் சாமான் அறைக்குப் போனேன். படகுக்குள் ஏறி மண்டி போட்டு உட்கார்ந்தேன். முதல் அடி துள்ளித் திரும்பி வந்தது. கர்ட்டும் நானும் அவ்வளவு உறுதியாகச் செய்திருந்தோம். பலகையின் உட்பக்கத்தில் அவர் பென்சிலால் போட்ட அளவுக் கோடுகள் அழியாமல் இருந்தன. அவற்றைப் பார்க்காமல் அடித்தேன். ஆறாவது அடியில் பலகை விரிந்தது. பத்தாவதில் என் கை முழுசாக உள்ளே போனது. உளுத்தது மாதிரி தெரியட்டும் என்று துடைப்ப வாளியிலிருந்து தண்ணீரை வேறு ஊற்றினேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து, நாற்பத்தைந்து வயதில் எனக்கு என்ன ஆகிவிட்டது என்று யோசித்தேன். யோசித்தேனே தவிர, உள்ளுக்குள் ஒரு குரல் ‘இனி அவள் ஏற முடியாது’ என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

திங்கள் காலை வெட்ஸல் என்னைக் கூப்பிட்டார். லைலும் நின்றிருந்தார்.

"உளுக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் லைல். "குதிரை உதைச்ச மாதிரி இருக்கு. யாரோ வேணும்னே உடைச்சிருக்காங்க. தண்ணி வேற ஊத்தியிருக்காங்க, புத்திசாலிங்க!"

"வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல அங்க இருந்தது ரோவீனா கிளாஸ்தான்," என்றார் வெட்ஸல். "பந்து எடுக்க சாமான் ரூமைத் திறந்திருக்காங்க. ஆர்லிஸ், நீ செவ்வாய்க்கிழமை பாத்தப்போ இப்படியா இருந்துச்சு?"

உண்மையைச் சொல்ல அந்தக் கேள்வி ஒரு கதவைத் திறந்து வைத்தது. வெளியே வந்துவிடலாம். நான் சொன்னேன்: "இல்ல. கொஞ்சம் மெத்துன்னு இருந்த மாதிரி தோணுச்சு. உடைஞ்சிருக்கல."

யார் செய்தது என்று தெரிகிறவரை ரோவீனாவின் வகுப்புக்குச் சுற்றுலா கிடையாது என்று அன்றைக்கே அறிவித்துவிட்டார். நைஃப் நதிக்கரையில் அவளுடைய முன்னோர் வாழ்ந்த மண்வீடுகளின் வட்டத் தடங்களைப் பார்க்கப் போவதாக இருந்தார்கள். பிள்ளைகள் நாலு மாதமாக அதற்காகக் காத்திருந்தார்கள்.

இரவுச் சாப்பாட்டில் சிக்னி தட்டைத் தொடவில்லை. கண் வீங்கியிருந்தது.

"நாங்க செய்யலம்மா. ஆறாங்கிளாஸ் பசங்க எங்களைப் பாத்து ‘படகு உடைச்சான்’னு கூப்பிடுறாங்க. மிஸ் ஃபாக்ஸ் எங்களை நம்புறேன்னு சொன்னாங்க. நீங்க நம்புறீங்களா?"

"நம்புறேன்," என்றேன். அது மட்டும்தான் அந்த வாரத்தில் நான் சொன்ன உண்மை. பிறகு சூப்பைக் குடித்தேன்.

வியாழக்கிழமை மதியம் என் வகுப்புக் கதவு தட்டப்பட்டது. ரோவீனாவின் வகுப்பிலிருந்து நாலு பிள்ளைகள், சிக்னி முன்னால். கையில் ஒரு காகிதம். அதைப் பார்த்துத்தான் பேசினாள், என்னைப் பார்க்கவில்லை.

"மிசஸ் ரூட், உங்க படகை நாங்க உடைக்கல. ஆனா அது உடைஞ்சது எங்களுக்கும் வருத்தம். நாங்க ஓட்டுப் போட்டோம். பத்தொம்பது பேர் சரின்னாங்க, ரெண்டு பேர் வேணாம்னாங்க. லைல் மாமா கூட சேர்ந்து நாங்களே சரி பண்ணித் தரோம்."

பள்ளியில் அவள் என்னை ‘மிசஸ் ரூட்’ என்றுதான் கூப்பிடுவாள், அதுவும் விதி. ஆனால் அன்று அந்தப் பெயர் யாரோ அந்நியப் பெண்ணின் பெயர் போல இருந்தது. நன்றி சொல்லி அனுப்பினேன். பள்ளி விட்டதும் ரோவீனாவின் அறைக்குப் போனேன்.

அவள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"ரோவீனா, படகை..."

"தெரியும்."

"எப்படி?"

"உளுத்துப் போச்சுன்னு நீங்க சொன்னீங்க. உளுக்கலன்னு லைல் சொன்னாரு. இடையில யாருக்கு அதை உடைக்கிற அவசியம் வந்துச்சு? நான் கணக்கும்தான் சொல்லிக்குடுக்கறேன், ஆர்லிஸ்."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

துடைப்பானை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுவீங்களான்னு பாத்தேன். இல்ல, அது பொய். நீங்க மாட்டிக்கிட்டு முழிக்கிறதைப் பாக்க எனக்கு நல்லா இருந்துச்சு. அந்தப் படகு மேல எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா? நான் படிச்ச ஸ்கூல்லயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. மூணு வருஷம் கேட்டேன். ஒரு தடவைகூட ஏத்தல. ‘நீதான் உண்மையான செவ்விந்தியப் பொண்ணு, நீ கரையில நின்னு சோளம் குடு’ன்னுட்டாங்க. கயிறு இழுக்கக்கூட விடல. இங்க வந்து உங்க படகைப் பாத்ததும் முதல்ல தோணுனது பாடம் இல்ல. ஒரு தடவை ஏறணும். அவ்வளவுதான்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் உட்காருகிற நாற்காலி. முழங்கால் நெஞ்சில் இடித்தது.

"எனக்கு உன்மேல பொறாமை," என்றேன். "சிக்னி உன்னைப் பத்தி மூணு பக்கம் எழுதியிருக்கா."

"தெரியும். நாலு எழுத்துப்பிழை." சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பொறாமை எனக்குப் புரியுது. உங்க படகு, நீங்க உடைச்சீங்க, அதுகூடப் போகட்டும். ஆனா இருபத்தொரு பிள்ளைங்க நாலு நாளா தலையைத் தொங்கப் போட்டுட்டு நடந்தாங்க. அதை நீங்க பாத்துட்டு இருந்தீங்க. நானும் பாத்துட்டு இருந்தேன், அது என் தப்பு. அதை நான் அவங்ககிட்ட சொல்லிக்கறேன். உங்களுதை நீங்க சொல்லுங்க. வெட்ஸல் இன்னும் போகல. நாளைக்குக் காலைல இங்க வந்து நில்லுங்க."

வெட்ஸல் கேட்டுவிட்டு நெடுநேரம் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டிருந்தார். "பதினெட்டு வருஷம், ஆர்லிஸ்," என்று மட்டும் சொன்னார். என் பணிக் கோப்பில் ஒரு கடிதம் சேர்ந்தது. அந்த வருஷப் படகு நாள் பொறுப்பு என்னிடமிருந்து ரோவீனாவுக்குப் போனது.

சிக்னியிடம் காரிலேயே சொன்னேன். இன்ஜினை அணைத்துவிட்டு, பள்ளி வாசலிலேயே.

"சிக்னி, படகை உடைச்சது நான்."

அவள் என் முகத்தில் கேலியைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"நான் அன்னிக்கு அழுதேனே," என்றாள் மெதுவாக. "அப்ப நீங்க சூப் குடிச்சிட்டு இருந்தீங்க."

பிறகு முன்சீட்டிலிருந்து இறங்கிப் பின்சீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை இருபத்தொரு பிள்ளைகள் முன்னால் நின்று சொன்னேன். சிக்னி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஜோலின் என்ற பெண் கையைத் தூக்கினாள்.

"உங்க படகையே எதுக்கு உடைச்சீங்க?"

"உங்க மிஸ் மேல பொறாமை. அவங்களுக்குக் குடுக்க மனசு வரல."

ஜோலின் யோசித்தாள். "எனக்கும் என் தங்கச்சி மேல பொறாமை வந்துச்சு. ஆனா நான் அவ பொம்மையைத்தான் உடைச்சேன். என்னோடத இல்ல."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. ரோவீனா வாயைப் பொத்திக்கொண்டாள். நானும்கூடக் கொஞ்சம் சிரித்தேன். சிக்னி சிரிக்கவில்லை.

ஒன்பது நாள் அவள் என்னிடம் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் கர்ட்டிடம் கேட்டாள், உப்பு என் கைக்குப் பக்கத்தில் இருந்தாலும். பத்தாம் நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"உங்க கிளாஸ்ல நீங்க கதை படிச்சா ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு குரல்ல படிப்பீங்களாமே. கோடியோட அண்ணன் சொன்னான். வீட்ல ஒரு தடவைகூடப் படிச்சதில்ல."

"நீ கேட்டதில்லையே."

"நாள் முழுக்கக் கத்திட்டு வந்து தொண்டை வலிக்குதும்பீங்க. நல்ல குரலெல்லாம் அவங்களுக்கே போயிடும்." தட்டை வேகமாகத் துடைத்தாள். "அதனாலதான் மிஸ் ஃபாக்ஸ் மிஸ் ஃபாக்ஸ்னு சொல்லிட்டே இருந்தேன். நீங்களும் கொஞ்சம் எரியட்டும்னு."

எரிந்தது என்று சொன்னேன். படகு அளவுக்கு எரிந்தது என்றேன். அன்று நாட்குறிப்பை எடுத்து அவளுக்கு வாசித்தேன். தளபதி கிளார்க்குக்கு நான் வைத்திருந்த குரல் அவளுக்குப் பிடிக்கவில்லை. வாத்து மாதிரி இருக்கிறதாம். அதை மாற்றச் சொன்னாள், மாற்றினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த நாளும் காரில் பின்சீட்டில்தான் உட்கார்ந்தாள்.

ரோவீனாவின் வகுப்பு நைஃப் நதிக்குப் போய்வந்தது. லைலும் இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படகுக்குப் புதுப் பலகை போட்டார்கள். என்னை ஆணி எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு வைத்தார்கள். சுத்தியலை என் கையில் கொடுக்க லைல் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

மே மாதம் படகு நாள் வந்தது. முதல் சுற்றில் ரோவீனாவின் வகுப்பு படகில், என் வகுப்பு கரையில். அவள் காகிதத் தொப்பி வைத்துக்கொண்டு முனையில் நின்றாள். பதினான்கு வருஷமும் நான் நின்ற இடம். கூட்டம் கைதட்டியது. எனக்குத் தட்டியதைவிட அதிகமாகவே தட்டியது என்று தோன்றியது. பழைய பொறாமை திரும்பவும் தலை தூக்கியது. பாடம் படித்துவிட்டேன், இனி வராது என்று நினைத்திருந்தேன். வந்தது.

நான் சோளக் கூடையோடு என் பிள்ளைகள் நடுவில் நின்றேன். பதினான்கு வருஷத்தில் கரையிலிருந்து அந்தப் படகை நான் பார்த்ததில்லை. இங்கிருந்து அது பெரிதாகத் தெரிந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கயிறு இழுக்கிறவர்கள் நேராக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் நின்ற குட்டிப் பெண் என் சட்டையை இழுத்தாள்.

"மிசஸ் ரூட், இவங்க எப்ப திரும்பிப் போவாங்க?"

இத்தனை வருஷத்தில் என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நான் படகைப் பார்த்தேன். ரோவீனாவுக்கும் கேட்டிருந்தது.

"இன்னும் முடிவு பண்ணல!" என்று முனையிலிருந்து கத்தினாள். கூடமே சிரித்தது. மேல்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா எல்லாருக்கும் பிறகு, தனியாக, நெடுநேரம் சிரித்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் பிஸ்மார்க்கிலிருந்து வந்தவர் ரோவீனாவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். இப்படி இரண்டு பக்கத்தையும் பிள்ளைகள் கண்ணால் பார்த்து எங்கும் கண்டதில்லை, அருமை, அருமை என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சும்மா இருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்தேன். முடியவில்லை.

"படகு நான் செஞ்சது," என்றேன்.

"உடைச்சதும் இவங்கதான்," என்றாள் ரோவீனா.

அவர் அதை நல்ல நகைச்சுவை என்று எண்ணி வாய்விட்டுச் சிரித்தார். சிக்னி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு, சிதறிக்கிடந்த சோளத்தைப் பொறுக்கப் போனாள்.